பற்றரியில் பழுதில்லை, செட்டிங்கில்தான் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட வார இறுதி வந்தாலே கொழும்பில் பலர் வானை எடுத்துக்கொண்டு கல்பிட்டி, மன்னார், அறுகம்பே என்று கிளம்பிவிடுகிறார்கள். கூரையில் சோலர் பனல், சீட்டுக்குக் கீழே பற்றரி, மீன் வைக்க ஒரு குட்டி பிரிட்ஜ். நல்ல விஷயம்தான். ஆனால் கொஞ்சக் காலத்திலேயே "பற்றரி செத்துப்போச்சு" என்று கடைக்குப் போகிறார்கள், கடைக்காரரும் பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்ட்ரோலரை எட்டிக்கூடப் பார்க்காமல் புதுசை விற்றுவிடுகிறார்.

அண்மையில் என் மச்சானின் வானைப் பார்த்தேன். பற்றரி ஜெல் வகை. கொன்ட்ரோலரின் சின்னத் திரையிலோ தண்ணீர் ஊற்றும் பற்றரிக்கான செட்டிங், பூட்டியவர் விட்டுப்போனபடியே. 12 வோல்ட் ஜெல் பற்றரிக்கு 14.1, 14.2 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். அந்தச் செட்டிங் அதைத் தாண்டித் தள்ளும், ஜெல்லுக்குள் வாயுக் குமிழி விழுந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. செல்களைச் சமப்படுத்த 15 வோல்ட் வரை ஏற்றும் 'ஈக்குவலைஸ்' சார்ஜ் தண்ணீர் ஊற்றும் பற்றரிக்கு மட்டும்தான், அதுவும் வானின் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, ஏனென்றால் அப்போது வெளிவருவது ஹைட்ரஜன். லித்தியம் இரும்பு பொஸ்பேட் (LiFePO4) பற்றரி என்றால் 14.2 முதல் 14.6 வரை போதும், ஈக்குவலைஸ் கிட்டவும் வரக்கூடாது.

அப்புறம் வெயில். மேலே சொன்ன கணக்கெல்லாம் 25 பாகைக்கு. ஈயப் பற்றரியில் (ஜெல்லும் தண்ணீர் ஊற்றுவதும் இந்த வகைதான்) ஒவ்வொரு பாகை கூடும்போதும் ஏறத்தாழ 0.024 வோல்ட் குறைக்க வேண்டும், ஆக மன்னார் வெயிலில் பற்றரி 40 பாகைக்குச் சூடேறினால் 14.4 வோல்ட் என்று வைத்த அளவு 14 சொச்சத்துக்கு இறங்க வேண்டும். பல கொன்ட்ரோலர்கள் இதைத் தாமாகவே செய்யும். ஆனால் பற்றரியின் சூட்டை அளக்கும் சென்சர் வயர் இல்லாவிட்டால் அவற்றில் பல அளப்பது தங்கள் சொந்தச் சூட்டைத்தான், பற்றரியின் சூட்டையல்ல. கூரைக்குக் கீழே கொன்ட்ரோலரைப் பூட்டிவிட்டுப் பற்றரியைச் சீட்டுக்கு அடியில் வைத்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? லித்தியத்துக்கு இந்தத் திருத்தமே வேண்டாம், அதைப் பூச்சியமாக்கிவிட வேண்டும்.

இரவில் பற்றரி இறங்கியதும் கொன்ட்ரோலர் லோடை, அதாவது லைட், பிரிட்ஜுக்குப் போகும் மின்சாரத்தை, வெட்டும் அளவையும் பாருங்கள். மலிவான பலவற்றில் அது 10.7 வோல்ட். லைட் மட்டும் எரியும் வானில் அதுவரை இறங்கினால் ஈயப் பற்றரி கிட்டத்தட்ட வெறுமை, நாளுக்கு நாள் இப்படியென்றால் எந்தப் பற்றரி தாங்கும்? 11.8க்கு மேலே வைத்தால் நல்லது. காலையில் வெயில் ஏறுமுன், பிரிட்ஜையும் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ஈயப் பற்றரியில் 12.2 என்பது பாதி, 12.7 நிறைவு.

இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அடித்துவிடலாம். வாங்கும் பெட்டிக்குள் வருவது பொடி எழுத்தில் ஆங்கிலமும் சீனமும். விற்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் கொடுக்கட்டும், பூட்டுபவர் பற்றரி வகையைச் செட் பண்ணி வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டுக் காசு வாங்கட்டும். அதுவரை உங்கள் வார இதழ் இந்த அளவுகளை ஒரு அட்டவணையாகப் போட்டால் வெட்டி வானுக்குள் ஒட்டிக்கொள்வோம்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6