ஹெர்மோஜெனஸ் ஐயாவுக்கு, அந்த 34 தூண் பத்தி

ஹெர்மோஜெனஸ் ஐயாவுக்கு,

வணக்கம். நான் கட்டட பிளான் டிராயிங் போடுறவன். காலைல உக்காந்தா ராத்திரி வரைக்கும் தூண், பீம், சுவர், கதவு இதுதான் கண்ணு முன்னாடி ஓடிட்டு இருக்கும். கிரேக்க ஆர்க்கிடெக்டா நீங்க வாழ்ந்து ஏறக்குறைய 2,200 வருஷம் ஆச்சு, உங்களுக்கு என் பாஷையும் தெரியாது, ஆனாலும் இத உங்களுக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு. போன ஞாயித்துக்கிழமை, இப்ப துருக்கில இருக்க மக்னீசியா ஊர்ல ஆர்ட்டெமிஸ்ங்கிற பெண் தெய்வத்துக்கு நீங்க கட்டுன கோயிலோட பிளான ஒரு கிராஃப் ஷீட்டுல போட்டுப் பாத்தேன், அன்னைலேருந்து மனசு அங்கேயே நிக்குது.

முதல்ல வெளிச்சுத்து போட்டேன். முன்பக்கம் 8 புள்ளி, நீளவாக்குல 15 புள்ளி, மூலைய ரெண்டு தடவ எண்ணாம பாத்தா மொத்தம் 42 தூண். அப்ப உங்க பக்கத்துல பெரிய கோயில்னா ரெண்டு சுத்து தூண் வைக்கிறதுதான் பெருமை, எஃபெசஸ் ஆர்ட்டெமிஸ் கோயிலும் அப்படித்தான் டிடிமா அப்பல்லோ கோயிலும் அப்படித்தான், உள்ள போனா தோப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்திருக்கும். அதனால நானும் உள்பக்கமா ரெண்டாவது சுத்து போட்டேன், 6க்கு 13. எண்ணிப் பாத்தா 34 புள்ளி.

அப்புறம் ரப்பர எடுத்து அந்த 34 புள்ளியையும் ஒண்ணொண்ணா அழிச்சேன். வெளிச்சுத்துல கை வைக்கல, சாமி இருக்குற உள்ளறையோட சுவர ஒரு கட்டம் கூட நகத்தல. அழிச்சு முடிச்சு ஷீட்ட கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாத்தா, கோயில் அதே அகலம் அதே நீளம் அதே எடுப்பு, தெருவுல நின்னு பாக்குறவனுக்கு ஒண்ணுமே குறைஞ்ச மாதிரி தெரியாது. உள்ள மட்டும் சுவருக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு பெரிய வராண்டா திறந்துக்கிச்சு, நாலு பக்கமும் ஒரே அகலத்துக்கு. ரப்பர் தூச ஊதி விட்டுட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன் ஐயா. பிளான்ல ஒண்ண சேக்கச் சொன்னா நாங்க எல்லாரும் சேப்போம், எடுக்கச் சொன்னாதான் கை நடுங்கும். நீங்க 34 தூண எடுத்திருக்கீங்க.

ஏன் எடுத்தீங்கன்னு உங்க வாயால கேக்க முடியல. நீங்க எழுதுன புத்தகம் எங்க கைக்கு வந்து சேரல. ஆனா விட்ருவியஸ்னு ஒரு ரோமாபுரி ஆர்க்கிடெக்ட், அகஸ்டஸ் காலத்துல கட்டடக்கலை பத்தி 10 பாகம் எழுதுனவர், உங்க புத்தகம் பத்தி அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உள்வரிசைய எடுத்ததால செலவும் மிச்சம் வேலையும் மிச்சம்னு ஒரு கணக்கு சொல்லிட்டு, அடுத்து ஒண்ணு சொல்றார் பாருங்க, அதப் படிச்சப்ப நான் சேர்லேருந்து எந்திரிச்சுட்டேன். மழை பிடிச்சு ஜனங்க மாட்டிக்கிட்டா, உள்ளறைய சுத்தி தாராளமா நிக்க எடம் இருக்கும்னு சொல்றார். மழை! கோயில் டிசைன்னு பேச ஆரம்பிச்சா தூணோட உயரம், குறுக்களவு, அழகு, தெய்வம்னுதான் பேச்சு போகும், நடுவுல மழைக்கு ஒதுங்குற கூட்டத்துக்கு ஒரு எடம் வந்து நிக்குது. கிரேக்கக் கோயிலப் பொறுத்தவரைக்கும் பலிபீடம் வெளியில, பூசைக்கு வந்த கூட்டமும் வெளியிலதான், மேல கூரை கிடையாது. மழை வந்தா அத்தன பேரும் எங்க போவாங்கன்னு யோசிச்ச மனசுதான் அந்த வராண்டாவப் போட்டிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் அவர் சொல்றார். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல எவ்ளோ எடைவெளி விடணும்கிறது. தூணோட குறுக்களவுல ஒன்றரை மடங்கு விட்டா ரொம்ப நெருக்கம், ரெண்டு மடங்கு விட்டாலும் நெருக்கம்தான், சாமி கும்பிட வர்ற வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு தூணுக்கு நடுவுல போக முடியாது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பிரிஞ்சுதான் போகணும்ங்கிறார். வாசக்கதவும் மறைஞ்சிடும். சரி மூணு மடங்கு விடலாம்னா மேல இருக்க கல் உத்தரம் தாங்காது, விரிசல் விட்டுடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நீங்க பிடிச்ச அளவு ரெண்டேகால். வாசலுக்கு நேரா வர்ற நடு எடைவெளிக்கு மட்டும் மூணு. உயரம் குறுக்களவுல ஒன்பதரை மடங்கு. இதுக்கு உதாரணம் காட்டணும்னா ரோமுல ஒண்ணும் இல்ல, ஆசியால, அதாவது இப்ப துருக்கி இருக்க பக்கம், டியோஸ் ஊர்ல டயோனிசஸ்ங்கிற சாமிக்கு இருக்க கோயிலத்தான் காட்டணும்னு விட்ருவியஸே சொல்றார், அது நீங்க கட்டுனது.

ரெண்டேகால்ங்கிற நம்பர டேபிள்ல பாத்தா வெறும் நம்பர். ஆனா அக்கா தங்கச்சி ரெண்டு பேரு தோள்ல கை போட்டுக்கிட்டு படி ஏறி வர்றாங்க, மேல வந்ததும் தூண் நடுவுல வந்து கைய விடச் சொல்லுது, அப்படி நினைச்சுப் பாத்துட்டு அந்த நம்பர திரும்பப் பாத்தா வேற மாதிரி இருக்கு.

இப்ப அந்த மார்பிள் விஷயத்துக்கு வர்றேன், உங்க மேல எனக்கு மரியாதை கூடுன எடம் அதுதான். டோரிக் பாணில ஒரு கோயில் கட்டுறதுக்காக மார்பிள் எல்லாம் சேத்து ரெடியா வச்சிருக்கீங்க. அப்புறம் மனச மாத்திக்கிட்டு, அதே கல்ல வச்சே டயோனிசஸுக்கு ஐயோனிக்ங்கிற இன்னொரு பாணில கோயில் கட்டுனீங்க. காரணம் ஒரு மூலை.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா இந்த லெட்டர மத்தவங்களும் படிப்பாங்க, அவங்களுக்காக சொல்லிடுறேன். டோரிக் கோயில்ல தூணுக்கு மேல உத்தரம், உத்தரத்துக்கு மேல ஒரு பட்டை ஓடும், அந்தப் பட்டைல மூணு வரி செதுக்குன மாதிரி ஒரு கட்டை வரும், அதுக்குப் பேரு டிரைகிளிஃப். ரெண்டு டிரைகிளிஃபுக்கு நடுவுல சதுரமா ஒரு பலகை, அது மெட்டோப், அதுலதான் சிற்பம் வைப்பாங்க. ரூல் என்னன்னா ஒவ்வொரு தூணோட நட்டநடுவுக்கு மேலயும் ஒரு டிரைகிளிஃப் உக்காரணும், எடைவெளியோட நடுவுலயும் ஒண்ணு. அதே நேரத்துல பட்டை முடியிற மூலைலயும் டிரைகிளிஃப்லதான் முடியணும். நடுவுல எல்லாம் அழகா வரும், மூலைக்கு வந்தா மாட்டிக்கும். ஏன்னா உத்தரம் தடிமன், டிரைகிளிஃப் அதவிட ஒல்லி, அத ஓரத்துக்குத் தள்ளுனா தூணோட நடுவ விட்டு விலகிடும். நேத்து நான் பென்சில்ல போட்டுப் பாத்தேன், எப்படிப் போட்டாலும் கடைசி மெட்டோப் மட்டும் நீளமா இழுத்துக்கிட்டு நிக்குது, இல்லன்னா கடைசித் தூண உள்ள தள்ள வேண்டியிருக்கு.

ஏதென்ஸ்ல பார்த்தினான் கட்டுன இக்டினோஸும் கல்லிக்ரேட்டிஸும் தூணத்தான் உள்ள தள்ளுனாங்க. நடுவுல தூணுக்குத் தூண் சுமார் 4.3 மீட்டர், மூலைல வந்து சுமார் 3.7 தான். மூலைத் தூண கொஞ்சம் தடிமனாவும் பண்ணிட்டாங்க. கி.மு. 447ல ஆரம்பிச்ச கட்டடம், இன்னைக்கும் உலகமே போய்ப் பாக்குது, அவங்க பண்ணதுல தப்பு கண்டுபிடிக்க நான் யாரு. அந்தக் கட்டடம் கண்ண ஏமாத்துற அழகு எனக்கும் தெரியும். ஆனா உங்களுக்கு அந்த அட்ஜஸ்ட்மென்ட் பிடிக்கல, ஒரு ரூல் மூலைக்கு வந்ததும் நெளிய வேண்டியிருந்தா அந்த ரூல்லயே கோளாறுன்னு நினைச்சிருக்கீங்க. உங்களுக்கு முன்னாடியே பிரியேனி அத்தீனா கோயில் கட்டுன பைத்தியோஸும் இதையேதான் சொல்லியிருக்கார். விட்ருவியஸ் இதுல ரொம்ப நியாயமா எழுதியிருக்கார், டோரிக்கோட அழகுலயோ கம்பீரத்துலயோ கொறை இல்ல, அளவ பங்கு போடுறதுலதான் சிக்கல்னு.

ஐயோனிக்ல இந்தத் தொல்லை இல்ல, பட்டை நேரா ஓடிடும். மூலைத் தூணோட தலைல இருக்க சுருள மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் தெரியிற மாதிரி திருப்பி வைக்கணும், அது ஒரு கல்லோட போயிடும்.

சைட்டுக்கு கல் வந்து எறங்குனதுக்கு அப்புறம் டிசைன் மாத்துறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் ஐயா. பல வருஷம் முன்னாடி ஒரு சைட்டு, ஒரு விசேஷம் நடத்துற ஹால். மாடிப்படி வந்து முடியிற எடத்துக்கு நேரா ஒரு தூண் வருதுன்னு நான் டிராயிங்கில பாத்துட்டேன், அப்ப கம்பி கட்டி முடிச்சாச்சு, மறுநாள் கான்கிரீட். எனக்கு மேல இருந்தவர்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு ராத்திரி பூரா யோசிச்சுட்டு சொல்லாமலே விட்டுட்டேன், இவ்ளோ தூரம் வந்தாச்சு இனிமே எதுக்குன்னு. இப்பவும் அந்த ஹாலுக்கு எப்பவாவது போவேன். இடுப்புல குழந்தைய வச்சுக்கிட்டு எறங்கி வர்ற பொம்பளைங்க கடைசிப் படில தோள சாச்சு ஒதுங்கித்தான் போறாங்க. அந்தத் தூண நான் தொட்டுப் பாக்குறதே இல்ல. நீங்க மார்பிள் வந்ததுக்கு அப்புறமும் நிறுத்துனீங்க. கல் வெட்டுனவங்க கிட்ட, பணம் குடுத்தவங்க கிட்ட என்ன சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்க? அத யாரும் எழுதி வைக்கல, எனக்கு அதுதான் வேணும்.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடணும். உள்வரிசைய எடுக்குற இந்த யோசனைய கண்டுபிடிச்சதே நீங்கதான்னு விட்ருவியஸ் எழுதிட்டார், ஆனா அது சரியில்ல. கோர்ஃபு தீவுல ஒரு ஆர்ட்டெமிஸ் கோயில், கி.மு. 580 வாக்குல கட்டுனது, அதுலயே இந்த மாதிரி அகலமா விட்டிருக்காங்க, லெஸ்போஸ் தீவுலயும் உங்களுக்கு முந்தி ஒண்ணு இருக்கு. இதனால உங்க மேல எனக்கு ஒரு இம்மி கூட குறையல. அவங்க கட்டுனாங்க, நீங்க ஏன் எதுக்குன்னு கணக்கோட எழுதி வச்சீங்க. உள்ளறை சுவர் முன்வரிசைல மூணாவது தூணுக்கும் ஆறாவது தூணுக்கும் நேரா வருது, கிராஃப் ஷீட்டுல ஸ்கேல் வச்சா ஒரே கோடு. பின்னாடி வர்றவங்க மொண்டு குடிக்க ஒரு ஊத்து விட்டுட்டுப் போனவர்ங்கிற மாதிரி விட்ருவியஸ் உங்களப் பத்தி சொல்றார், அது நெசம். அங்காரால அகஸ்டஸுக்கு எழுப்புன கோயிலும் 8க்கு 15தான், ஐசனோய்ல ஜீயஸ் கோயிலும் 8க்கு 15தான், ரெண்டுலயும் உள்வரிசை கிடையாது. ஐசனோய்ல இன்னைக்கும் ஒரு மூலைல தூணெல்லாம் வரிசையா நிக்குது.

உங்க மக்னீசியா கோயில் நிக்கல ஐயா. சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. நிலநடுக்கம், அப்புறம் பக்கத்துல ஓடுற லெதாயோஸ் ஆத்து வண்டல், எல்லாம் சேந்து ஊரையே மூடிடுச்சு. 1842 வாக்குல டெக்ஸியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து பட்டைல இருந்த, அமேசான்னு கிரேக்கக் கதைல வர்ற வீரப் பொம்பளைங்களோட போர்ச் சிற்பத்துல பெரும்பகுதிய கப்பல்ல ஏத்திட்டுப் போனார், இப்ப அது பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு, மிச்சம் இஸ்தான்புல்லயும் பெர்லின்லயும். சுமார் 175 மீட்டர் நீளத்துக்கு குதிரையும் கோடாலியுமா ஓடுன சிற்பம் அது. வேலைப்பாடு முரடுன்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, தூணுக்கும் மேல அவ்ளோ உயரத்துல நிக்கிறத கீழேருந்து பாக்குறவனுக்கு ஆழமா வெட்டுனாதான் நிழல் விழுந்து உருவம் தெரியும். 1891லேருந்து 93 வரைக்கும் கார்ல் ஹூமன் தோண்டுனார், 1984லேருந்து துருக்கி நாட்டு ஓர்ஹான் பிங்கோல் திரும்ப ஆரம்பிச்சார். அவங்க அளந்து வச்சதாலதான் நான் ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளியெல்லாம் வைக்க முடிஞ்சுது.

ஸ்ட்ராபோன்னு ஊர் ஊரா புவியியல் எழுதுன கிரேக்கர் உங்க கோயிலப் பத்தி எழுதுனது ஒண்ணு இருக்கு, அத உங்களுக்கு சொல்லாம இந்த லெட்டர முடிக்க முடியாது. அளவுலயும் காணிக்கைலயும் எஃபெசஸ் கோயில் பெருசுதான், ஆனா அளவு ஒத்துப் போறதுலயும் கட்டுன நேர்த்திலயும் மக்னீசியா கோயில் அதவிட எவ்ளோ மேலன்னு எழுதியிருக்கார். அப்ப எஃபெசஸ் கோயில் உலக அதிசயத்துல ஒண்ணு. அத வச்சுக்கிட்டே உங்க பேர சொல்லாம உங்க வேலைய மேலன்னு சொல்லியிருக்கார்.

அந்த கிராஃப் ஷீட்ட மடிச்சு என் டிராயிங் டேபிள் டிராயர்ல வச்சிருக்கேன். 34 புள்ளியும் அழிச்சாச்சு, ஆனா பென்சில் அழுத்தி வச்சதால பேப்பர்ல குழி குழியா இன்னும் இருக்கு, லைட்டுக்கு நேரா சாச்சுப் பிடிச்சா ஒவ்வொண்ணும் தெரியுது. நாளைக்கு ஒரு வீட்டு பிளான் வருது, முன்னாடி நாலு தூண் வேணும்னு கேட்டிருக்காங்க. மழைல வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு எவ்ளோ எடம் விடணும்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம்தான் தூண் வரையணும்னு இருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வேலைய தள்ளி நின்னு கத்துக்குற ஒரு டிராஃப்ட்ஸ்மேன்