அப்பாவுக்கு மூச்சு வாங்கினதுக்குக் காரணம் கிட்னி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்துல இதயம், நுரையீரல், சிறுநீரகம்னு மூணு படம் போட்டு மூணு பெட்டிக்குள்ள விளக்கம் குடுத்திருந்தீங்க. எம் பொண்ணு பத்தாவது படிக்கிறா, வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. எழுதியிருந்ததுல தப்பு எதுவும் இல்ல. ஆனா அந்த மூணு பெட்டியைப் பாத்ததும் எனக்கு மனசு என்னவோ பண்ணிடுச்சு, ஏன்னா நாங்களும் இந்த மூணும் தனித்தனி சமாச்சாரம்னு நெனச்சுத்தான் எங்கப்பா விஷயத்துல ரெண்டரை மாசத்தை விட்டோம். அதே நாள் பேப்பர்ல இன்னொரு பக்கத்துல தினமும் 4 லிட்டர் தண்ணி குடிச்சா கிட்னி கழுவி சுத்தமாயிடும்னு ஒரு மருத்துவக் குறிப்பும் இருந்துச்சு. ரெண்டையும் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

அப்பா லாரி டிரைவர், 31 வருஷம் ஓட்டினவரு. சுகர் இருந்துச்சு, பிரஷர் இருந்துச்சு, இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற வலி மாத்திரையை வருஷக்கணக்கா போட்டுக்கிட்டே இருந்தாரு. ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மாசம் மழை நேரத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. படுத்தா திணறும், எந்திரிச்சு உக்காந்தா கொஞ்சம் பரவால்ல. ராத்திரி முழுக்க ஈஸி சேர்லயே கிடப்பாரு. சளின்னு நெனச்சோம். பக்கத்துல ஒரு கிளினிக்ல காமிச்சோம், நெபுலைசர் வச்சாங்க, இன்ஹேலர் எழுதிக் குடுத்தாங்க, அது கேக்கலன்னு வேற இன்ஹேலர். கால் வீங்கியிருந்துச்சு, விரலால அமுக்குனா குழி அப்படியே நிக்கும், லாரி ஓட்டின கால்தானேன்னு விட்டுட்டோம். யூரின் நுரை நுரையா போகுதுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு, அதையும் யாரும் பெருசா எடுத்துக்கல. ரெண்டரை மாசத்துல ஒரு தடவைகூட யூரின் டெஸ்ட் எடுக்கல, நாங்களும் கேக்கல, கேக்கணும்னே தெரியல.

கடைசியில ஒருநாள் விடியக்காலைல உதடு நீலம் பூத்துப்போய் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். எக்ஸ்ரேல நுரையீரல் பூரா தண்ணி. க்ரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல 1-க்குப் பக்கத்துல இருக்க வேண்டியது, 9.4 இருந்துச்சு. ஹீமோகுளோபினும் கொறஞ்சு 7.1. அன்னிக்கே கழுத்துல ட்யூப் போட்டு டயாலிசிஸ் பண்ணி ரெண்டரை லிட்டர் தண்ணி எடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி எங்கப்பா ரெண்டரை மாசம் கழிச்சு கால நீட்டி மல்லாந்து படுத்துத் தூங்கினாரு. அம்மா பக்கத்துல உக்காந்து அவரு நெஞ்சு ஏறி இறங்குறதையே பாத்துட்டு இருந்துச்சு. இன்ஹேலரை அதுக்கப்புறம் தொடவே இல்ல.

அந்த வார்டுல இருந்த டாக்டரம்மாதான் எங்களுக்குப் பொறுமையா விளக்கினாங்க, அதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதுறேன். உடம்புல மொத்தமே சுமார் 5 லிட்டர் ரத்தம். இதயம் ஒரு நிமிஷத்துக்குத் தள்ளுறதும் கிட்டத்தட்ட அதே 5 லிட்டர், அப்ப ஒரு நிமிஷத்துல ரத்தம் முழுக்க ஒரு சுத்து சுத்தி வந்துடுது. வலது பக்கம் தள்ளுறது நேரா நுரையீரலுக்குப் போகுது, அங்க கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காத்துப் பைங்க, அந்தப் பைக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவுல இருக்கிற சுவர் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட வராது. அவ்வளவு மெல்லிசா இருக்கறதாலதான் ஆக்சிஜன் உள்ள வரவும் கார்பன் டை ஆக்சைடு வெளிய போகவும் முடியுது. ரத்தம் அங்கேருந்து இதயத்தோட இடது பக்கத்துக்கு வந்து உடம்பெல்லாம் போகுது. அதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு, நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல, ரெண்டு கிட்னிக்கு மட்டும் போகுது. ரெண்டும் சேந்து எடை 300 கிராம் இருந்தா அதிகம். இவ்வளவு சின்ன உறுப்புக்கு ஏன் இவ்வளவு ரத்தம்னு எம் பொண்ணு கேட்டா. தன் பசிக்கு இல்லடி, சலிக்கிறதுக்குன்னு சொன்னேன்.

அந்தச் சலிப்பு எவ்வளவுன்னு கேட்டா நம்ப மாட்டீங்க. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது. ஒரு கிட்னில சுமார் 10 லட்சம் நெஃப்ரான், ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன வடிகட்டி, அதுக்குப் பின்னாடி ஒரு நீளமான குழாய். வடிஞ்சதுல 99 சதவீதத்த அந்தக் குழாயே திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே குடுத்துடுது, உப்பு, சர்க்கரை, தண்ணி எல்லாம் எவ்வளவு வேணுமோ பாத்து பாத்து. மிச்சம் ஒன்று ஒன்றரை லிட்டர்தான் யூரின். அதனால சாக்கடைக் குழாய்ல வாளித் தண்ணி ஊத்திக் கழுவுற மாதிரி கிட்னியை யாரும் கழுவ முடியாது. நல்ல கிட்னி இருக்கவங்க தாகத்துக்குத் தண்ணி குடிக்கட்டும், வெயில்ல வேலை செய்யறவங்க, கல்லு இருக்கவங்க கூடவே குடிக்கட்டும். ஆனா வடிகட்டியே அடைஞ்சு போனவங்களுக்கு உள்ள போற தண்ணிக்கு வெளிய போக வழி இல்ல, அது ரத்தத்துலயே தங்குது, குழாய்க்குள்ள அழுத்தம் கூடுது, இதயம் தள்ளித் தள்ளி சோர்ந்து போகுது, அப்புறம் நான் சொன்ன அந்த மெல்லிசு சுவர் வழியா காத்துப் பைக்குள்ள கசிய ஆரம்பிச்சுடுது. எங்கப்பாவுக்கு மூச்சு முட்டினது அதனாலதான். அப்ப நாங்க வேற சளி இளகட்டும்னு மணிக்கு ஒரு டம்ளர் வெந்நி குடுத்துக்கிட்டு இருந்தோம். இதை எழுதும்போது கை நடுங்குது.

ரத்தம் கொறஞ்சதும் இதோட சேந்ததுதான். எலும்பு மஜ்ஜைக்குப் போய் சிவப்பணு செய்னு சொல்ற ஹார்மோனை முக்கியமா உண்டாக்குறதே கிட்னிதான், ஆக்சிஜன் கொறையுதான்னு அதுதான் கவனிச்சுக்கிட்டு இருக்கு. இப்ப அப்பாவுக்கு அதையே ஊசியா போடுறாங்க. அது மாதிரி ரத்தத்துல அமிலம் ஏறினா கிட்னி வெளியேத்தும், அதால முடியலன்னா நுரையீரல் வேகவேகமா மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைட தள்ளி ஈடு கட்டப் பாக்கும். ஒண்ணு தடுமாறினா இன்னொண்ணு தோள் குடுக்குது, அதுவும் எவ்வளவு நாளைக்குக் குடுக்கும்.

டயாலிசிஸ் மிஷினைக் கண்டுபிடிச்ச வில்லெம் கோல்ஃப் பத்தி அப்புறமா படிச்சேன். நெதர்லாந்துக்காரர், 1943-ல ஜெர்மன்காரங்க பிடியில ஊர் இருந்தப்ப சாசேஜ்ங்கிற இறைச்சிப் பண்டத்தைச் சுத்துற செல்லோஃபேன் குழாயை வச்சு, நடைமுறையில பயன்படுற முதல் செயற்கை கிட்னியைச் செஞ்சிருக்காரு. முதல்ல பாத்தவங்கள்ல அநேகமா எல்லாருமே இறந்துட்டாங்க, 1945-ல 67 வயசு அம்மா ஒருத்தங்கதான் கோமாலேருந்து முழிச்சுப் பொழைச்சிருக்காங்க. அந்தக் குழாய்ல ஓடும்போது கருத்த ரத்தம் ஆக்சிஜன் பிடிச்சு சிவப்பாகுறதைப் பாத்துட்டு, இதே வழில நுரையீரல் வேலையையும் செய்யலாமேன்னு அந்தப் பக்கம் போனாரு, பிறகு செயற்கை இதயத்துலயும் வேலை பாத்தாரு. மூணும் ஒரே வட்டம்னு அவருக்குக் குழாய்லயே தெரிஞ்சிருக்கு, எங்களுக்கு எக்ஸ்ரே வந்துதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணும் சொல்லணும். போன வருஷம் சித்திரை வெயில்ல எங்க அத்தை ஆசையா ரெண்டு இளநீர் வெட்டிக் குடுத்துட்டாங்க, தம்பி வாடிப்போயிருக்கான்னு. ராத்திரி அப்பாவுக்கு கால் துவண்டு போச்சு, இளநீர்ல நெறைய இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துல ஏறி 6.8. இசிஜி பாத்துட்டு நடுராத்திரியில டயாலிசிஸ் போட்டாங்க. கிட்னி வெளியேத்தாத பொட்டாசியம் ஏறிக்கிட்டே போனா இதயத் துடிப்பையே நிறுத்திடும்னு அத்தைக்கு எப்படித் தெரியும், நம்ம ஊர்ல உடம்பு முடியாதவங்களைப் பாக்கப் போனா இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடிதானே வாங்கிட்டுப் போவோம். அத்தை இன்னமும் அதை நெனச்சு அழறாங்க. கிட்னிக்கு நல்லதுன்னு வாழைத்தண்டு சாறு குடுக்கச் சொல்றவங்களும் இருக்காங்க, ஃபெயிலியர் ஆனவங்களுக்கு அதுலயும் இதே பொட்டாசியம் பிரச்சனைதான். எது சாப்பிடலாம் எது கூடாதுன்னு அவங்கவங்க டாக்டர்கிட்ட கேட்டாத்தான் ஆகும்.

அதனால ஐயா, ஒரு வேண்டுகோள். அந்த மூணு படத்தையும் அடுத்த தடவை ஒரே படமா போடுங்க. மூச்சு வாங்குது, கால் வீங்குது, யூரின்ல நுரை வருதுன்னா கிட்னியையும் பாக்கச் சொல்லுங்கன்னு எழுதுங்க. சுகர், பிரஷர் இருக்கவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதமும் ரத்தத்துல க்ரியாட்டினினும் பாக்கணும்னு எழுதுங்க, பெரிய செலவு இல்லாத டெஸ்ட்டுதான், கிட்னி பாதிக்கு மேல போற வரைக்கும் உடம்பு வெளிய ஒண்ணும் காட்டாதுன்னும் சேத்து எழுதுங்க. வலி மாத்திரையைக் கடையில கேட்டு வாங்கித் தொடர்ந்து போடாதீங்கன்னு டிரைவருங்களுக்குன்னே தனியா ஒரு கட்டம் கட்டிப் போட்டாலும் தகும். ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுலேருந்து அரசாங்கம் மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை குடுக்குது, வயித்து வழியா செய்யற டயாலிசிஸுக்கான பைகூட அதுல கிடைக்குது, அதுவும் நெறைய பேருக்குத் தெரியல.

முக்கியமா அந்த 4 லிட்டர் குறிப்புக்கு, கிட்னி, இதயக் கோளாறு இருக்கவங்களுக்கு இது பொருந்தாது, டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்கணும்னு ரெண்டு வரி திருத்தம் போட்டுடுங்க. எங்கப்பாவுக்கு ஒரு நாளைக்கு 800 மில்லிதான் அளவு, சாம்பார், மோர் எல்லாம் சேத்து. வாரம் மூணு நாள் காலைல 6 மணிக்கு சென்டர்ல போய் உக்காருவோம், அங்க காத்திருக்கிறவங்க கைமாத்திக் கைமாத்திப் படிக்கிறது உங்க பேப்பரைத்தான்.

இப்படிக்கு,
22 வருஷமா உங்க பேப்பர் படிக்கிற ஒரு வாசகி,
பட்டுக்கோட்டை