ஆடிக் குளிரில் ஒரு கூழ்ப் பானை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயிலும் மாரடைப்பும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் உட்கார்ந்து படிக்கிற எனக்குப் குளிரும் இதயத்தைத் தாக்கும் என்கிற பாதிக் கதை விட்டுப்போனதுபோல் இருந்தது.

நான் திருச்சிக்காரி. ஆளைச் சாய்ப்பது வெயில்தான் என்று நம்பி வளர்ந்தவள். கல்யாணமாகி, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. இங்கே எல்லாம் தலைகீழ்: மார்கழி, தை என்றால் வெயில், ஆனி, ஆடி என்றால் குளிர். கடல் மட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர், ஜூலை ராத்திரிகளில் பூஜ்ஜியத்தைக்கூடத் தொட்டுவிடும். வீடுகளோ குளிரை நினைத்துக் கட்டியவை இல்லை. சரியாக மூடாத ஜன்னல், மேலே தகரம், வீட்டுக்கு ஒரு ஹீட்டர். மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை.

2023 ஜூலை 10 அன்று, 2012-க்குப் பிறகு முதல் முறையாக இங்கே பனி பெய்தது. தெருவே வெளியே வந்து போட்டோ எடுத்தது. என் மாமனாரும் சால்வைகூட இல்லாமல் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பிரஷரும் சர்க்கரையும் உள்ள மனிதர். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரக் கடைசியில், விடிகாலையில் கேட்டைத் திறக்கப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டார். குளிர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிறகு படித்தபோது ஒன்று உறைத்தது: வெயில் தாக்கினால் அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும்; குளிரின் பாதிப்பு நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் நீளும்.

குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், ரத்தமும் கொஞ்சம் கெட்டியாகும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் இதயம் அடிக்க வேண்டும். போதாததற்குக் குளிர்காலச் சளிக் காய்ச்சல் வேறு. வெயிலில் கதை வேறு: குழாய்கள் விரிந்து, வேர்த்து, உடம்பில் நீர் வற்றி, இதயம் வேகமாக ஓட வேண்டியிருக்கும். நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயில் காலத்தில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இரண்டில் எது மோசம்? அமெரிக்க இதயச் சங்கத்தின் ‘சர்குலேஷன்’ இதழில் 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. 27 நாடுகள், 567 நகரங்கள், 1979 முதல் 2019 வரை 3 கோடியே 20 லட்சம் இதயநோய்ச் சாவுகள். அப்படிப்பட்ட ஒவ்வொரு 1,000 சாவிலும் கடும் வெயில் நாட்களால் கூடியவை ஏறக்குறைய 2. கடுங்குளிர் நாட்களால் கூடியவை 9. இதயம் பலவீனப்பட்டு (ஹார்ட் ஃபெயிலியர்) வரும் சாவுகளை மட்டும் எடுத்தால் அந்த 9 கிட்டத்தட்ட 13 ஆகிறது.

‘எங்கள் ஊரில் அவ்வளவு குளிர் ஏது’ என்று வாசகர்கள் நினைக்கலாம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சாவு அதிகமாகக் கூடுவது கடுங்குளிர் நாடான பின்லாந்தில் அல்ல, போர்ச்சுகல் போன்ற மிதமான நாடுகளில். பின்லாந்துக்காரன் வீட்டைச் சூடாக வைத்திருக்கிறான், வெளியே போனால் போர்த்திக்கொள்கிறான். மிதமான ஊர்க்காரர்கள்தான் ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்’ என்று இருந்துவிடுகிறோம். லெனேசியாவும் அந்த ரகம்தான். சிலர் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்தப் புகையில் குளிரைவிடச் சீக்கிரம் உயிர் போகும்.

எனக்கு இப்போது பயம் ஆடி மாதத்தை நினைத்துத்தான். மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது இங்கே இன்னும் சிறப்பாக நடக்கிறது. எழுபது வயதுப் பெரியவர்கள்கூட விரதமிருந்து, விடியுமுன் பச்சைத் தண்ணீரில் தலை முழுகி, ஈரத்துணியோடு நிற்கிறார்கள். அம்மன் கேட்டாளா இதை? வெந்நீரில் குளித்துவிட்டு, உலர்ந்த துணி கட்டி, பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு வந்தால் கூழ் ஒன்றும் தீட்டாகாது.

எங்கள் தெருக் கோயிலில் இந்த வருடம் ஓர் அண்டா வெந்நீர் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘பார்க்கலாம்மா’ என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லெனேசியா, தென்னாப்பிரிக்கா