மைதானமே சிவப்பு அட்டை கேட்ட அன்று

அன்பு மகன்,

போனில் நீ கேட்டதற்கு அந்த நேரம் எனக்குச் சரியாக மறுமொழி வரவில்லை. கதைக்கிறதை விட எழுதினால் நான் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும்தானே.

"அந்தச் சனத்துக்கு நான் சட்டத்தை விளங்கப்படுத்தியிருக்க வேணுமோ அம்மா?" என்று கேட்டாய். வேண்டாம். நடுவராக நின்ற உன்னைப் பார்த்து, ஆளை வெளியேற்றச் சொல்லி முழு மைதானமும் "சிவப்பு, சிவப்பு" என்று கத்த, நீ பெனால்டியும், எச்சரிக்கைக்கு மஞ்சள் அட்டையும் கொடுத்தாய். நீ போனை வைத்த கையோடு அப்பா சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டார். நீ கொடுத்ததுதான் சரியாம். பெனால்டிப் பெட்டிக்குள்ளே ஒருவன் பந்தை எடுக்கப் பாய்ந்து, தவறி, கோல் அடிக்கப் போகிற ஆளை விழுத்தினால், பெனால்டியோடு மஞ்சள் போதும் என்று 2016இல் மாற்றிவிட்டார்கள். சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் அது வேறு கதை. ஆனால் வேலியோரம் நிற்கிறவருக்கு 2016 இன்னும் வரவில்லை. அவர் தான் விளையாடின காலத்துச் சட்டத்தோடுதான் இன்றைக்கும் மைதானத்துக்கு வருகிறார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் கழகத்துத் தேத்தண்ணிக் கவுண்டரில் நின்று தெரியும். நீ சின்னப் பெடியனாக விளையாடின நாளில் உதவிக்கு நின்றவள், நீ ஷெஃபீல்டுக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் அங்கேதான் நிற்கிறேன். பெரிய லீக் மைதானங்களில் இரண்டு பக்கத்து ஆட்களையும் பிரித்து வைப்பார்கள். அதற்குக் கீழே உள்ள சின்னக் கழகங்களின் நொன்-லீக்கில் அதெல்லாம் பெரும்பாலும் இல்லை. இடைவேளையில் இந்தக் கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் அந்தக் கோலுக்கு நடந்து போவார்கள், எதிர் அணிக்காரரும் அதே பாதையால் வருவார்கள். எல்லாரும் என் ஜன்னலடியில்தான் நிற்க வேண்டும். அதனால் ஒரே தீர்ப்பை இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு விதமாகக் கேட்கிற பாக்கியம் எனக்கு உண்டு.

போன மாதம் ஒரு ஓஃப்சைட் கோலுக்கு, அதாவது பந்து போடுகிற நேரம் அடிக்கிறவர் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி முன்னுக்கு நின்றாரா என்ற சண்டைக்கு, நடந்ததைக் கேள். எங்கள் ஆள் ஒருவர் கெச்சப் போத்தலை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அதுதான் தடுப்பாட்டக்காரராம். பிரவுண் சோஸ் போத்தல் பந்தைப் போட்ட ஆள். என்னுடைய சீனி டப்பா கோல் அடித்தவர். எதிர் அணிக்காரர் ஒருவர் வரிசையை விட்டு முன்னுக்கு வந்து சீனி டப்பாவை இரண்டு விரல்கடை பின்னுக்குத் தள்ளினார். இவர் திருப்பி முன்னுக்குத் தள்ளினார். பின்னால் நின்றவர்கள் சீனி இல்லாமல் தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பங்குக்கு "சமமாக நின்றால் ஓஃப்சைட் இல்லை" என்றார்கள். அது 1990இலேயே வந்த மாற்றம், அதையாவது எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இதில் பகிடி என்னவென்றால், அந்த இரண்டு பேருமே மற்றக் கோலுக்குப் பின்னால் நின்றவர்கள். கிட்டத்தட்ட நூறு மீட்டர் தூரத்தில் இருந்து, நேர் எதிரே பார்த்தால், யார் முன்னுக்கு யார் பின்னுக்கு என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அது அவர்களுக்கும் தெரியும். இரண்டாம் பாதி தொடங்கின பிறகும் சீனி டப்பா திரும்பி வரவில்லை.

அவர்களுக்கு நீ போய்ச் சட்டம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திராது. இன்னொரு கேள்வி வந்திருக்கும்.

நான் வழக்கமாகக் கேட்கிற சிலதைச் சொல்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும். "கோலுக்கு முன்னால் நின்ற கடைசித் தடுப்பாட்டக்காரன், கடைசி ஆள், அப்போ சிவப்புத்தானே." கடைசி ஆள் என்று சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது, பந்து அவன் கைவசப்படுமா, மற்றத் தடுப்பாட்டக்காரர் எங்கே எத்தனை பேர், இந்த நாலையும் பார்த்துத்தான் கோல் வாய்ப்பைக் கெடுத்தானா என்று முடிவெடுக்க வேண்டுமாம். இவ்வளவையும் ஓடிக்கொண்டே பார்க்கிறவன் நீ. பிறகு, "பந்தைத்தானே முதலில் தொட்டான்!" பந்தைத் தொட்டுவிட்டு ஆளின் காலையும் முறித்தால் பரவாயில்லையோ? அடுத்தது கைப் பந்து. அதில் எனக்கு அவர்கள் மேல் பாவம்தான் வருகிறது. தற்செயலாகக் கையில் பட்டுக் கோலுக்கு வழி வந்தாலும் தவறு என்று 2019இல் எழுதினார்கள். 2021இல் அதைச் சுருக்கி, கோல் அடித்தவரின் கையிலேயே பட்டிருந்தால்தான் என்று மாற்றினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சட்டத்தை மாற்றிவிட்டு, சனம் பிழையாகக் கதைக்குது என்றால் யார் என்ன செய்ய?

நீ அன்றைக்கு டூட்டிங் தாத்தா என்று சொல்லுவாயே, அவர் இன்னும் வருகிறார், தடியோடு. 1959 ஜனவரியில் டூட்டிங் அண்ட் மிட்சம் கழகம் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றில், அப்போது மேல்மட்டமான முதல் பிரிவில் இருந்த நொட்டிங்ஹம் ஃபொரெஸ்டைத் தங்கள் சாண்டி லேன் மைதானத்தில் சந்தித்ததைப் பையனாக நின்று பார்த்தவர். தரை பனியில் இறுகிக் கிடந்ததாம். டூட்டிங் 2-0 என்று முன்னுக்கு நின்றது. பிறகு ஒரு சொந்தக் கோல், அதற்குப் பிறகு ஒரு பெனால்டி, 2-2. மறு ஆட்டத்தில் ஃபொரெஸ்ட் 3-0 என்று வென்று, அந்த வருடக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பெனால்டி கொடுத்திருக்கவே கூடாது, பந்து இறுகின மண்ணில் தெறித்துத்தான் கையில் பட்டது என்று தாத்தா இன்றைக்கும் சாதிக்கிறார். ஒருநாள் அப்பா, "இன்றைய சட்டத்தில் கையை எங்கே வைத்திருந்தார் என்று பார்ப்பார்கள்" என்று தொடங்க, மனுஷன் தேத்தண்ணியை வைத்துவிட்டு, நடந்துகாட்டி, கையை உடம்போடு ஒட்டிக்காட்டினார். அந்த நடுவர் எத்தனை ஆட்டம் சரியாக நடத்தியிருப்பாரோ, இங்கே அவருக்கு மிச்சம் இந்த ஒரு விசில்தான். அதே நேரம் அந்த விசில் இல்லாவிட்டால் தாத்தாவுக்குச் சனிக்கிழமை என்ன இருக்கிறது, சொல்லு?

அதுதான் நான் சொல்ல வந்தது. அவர்களுடைய தர்க்கம் அவர்களுடைய சொத்து. நீ அதில் வெல்ல வேண்டிய அவசியம் இல்லை. நொன்-லீக்கில் வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கிற விஏஆர் இல்லை, திரும்ப ஓட்டிப் பார்க்கத் திரை இல்லை, ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான். அதனால்தான் அவர்கள் இவ்வளவு வடிவாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு படத்தைப் போட்டுக் காட்டித் தீர்த்துவிட்டால் அரை மணித்தியாலத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஷெஃபீல்டில் நீ கூட்டிக்கொண்டு போய்க் காட்டின சாண்டிகேட் மைதானம் ஞாபகம் இருக்கிறது. 1860இல் ஹாலம் கழகமும் ஷெஃபீல்டு கழகமும் விளையாடின இடம். அந்த நாள் உதைபந்தாட்டத்தில் மைதானத்துக்குள் நடுவர் என்று ஒருவர் இல்லை. பிறகு கழகத்துக்கு ஒரு ஆளாக இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால்தான் வெளியே நிற்கிற மூன்றாவது ஆளிடம் கேட்பார்கள். 1891இல் அந்த மூன்றாவது ஆளை உள்ளே எடுத்து, மற்ற இரண்டு பேரையும் கோட்டுக்கு அனுப்பினார்கள். பெனால்டியும் அதே வருடம்தான் வந்தது. அதாவது சண்டை பிடிக்கிறவர்கள் உள்ளே, தீர்ப்புச் சொல்கிறவர் வெளியே என்று இருந்ததைத் தலைகீழாக்கினார்கள். உன் ஆட்டங்களில் கொடி பிடிக்கிறவர் இன்னும் கழகத்து ஆள்தான் என்பது வேறு விஷயம். அவர் கொடியைத் தூக்கினாலும் "உங்கட ஆள்தானே", தூக்காவிட்டாலும் "உங்கட ஆள்தானே".

சரி, இப்போது கார் பார்க்கில் நடந்ததற்கு வருகிறேன். அதைத் தர்க்கம் என்று நீ எண்ணாதே. ஆட்டம் முடிந்து, கார்க் கதவைத் திறக்க விடாமல் நின்று, "அடுத்த முறை இந்தப் பக்கம் வந்து பார்" என்று சொல்வது மிரட்டல். அந்த ஆளுக்கு ஓஃப்சைட்டும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அதை உங்கள் பகுதி உதைபந்தாட்டச் சங்கமான கவுன்டி எஃப்.ஏ.க்கு எழுது. நேரம், சொன்ன சொல், யார் பக்கத்தில் நின்றது, எல்லாவற்றையும் அப்படியே எழுது. "பாவம், கோபத்தில் சொன்னவர்" என்று நீ மெழுகிவிட்டால், அடுத்த சனிக்கிழமை அவருக்கு முன்னால் நிற்கப் போவது பதினாலு வயதில் பயிற்சி முடித்த ஒரு பிள்ளையாக இருக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்று காட்ட ஊதா நிறப் பட்டி கட்டிக்கொண்டு வருகிற சின்ன நடுவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2008இல் மரியாதை வேண்டும் என்று பதாகை கட்டினார்கள். 2023இல் மிடில்ஸ்பரோவில் தொடங்கி நடுவர்களின் நெஞ்சில் கமெரா கட்டிப் பரீட்சித்தார்கள். என்னைக் கேட்டால், 2019-20 பருவத்திலிருந்து கீழ்மட்ட ஆட்டங்களில் எதிர்த்துக் கதைக்கிறவனைப் பத்து நிமிடம் வெளியே இருத்துகிறார்களே, அதுதான் உருப்படியான வேலை. விளையாட்டுக்காரன் வாயை மூடினால் வேலியோரமும் அரைவாசி அடங்கும். நீ அதைக் கையாளப் பின்நிற்கிறாய் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதே. நான் ஈஸ்டருக்கு அங்கே வந்தபோது உன் ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்தேன். நிச்சயமாகத் தெரிந்த தவறுக்கு நீ விசிலோடு ஓடுகிறாய். சந்தேகம் இருந்தால் விசிலடித்துவிட்டு நடக்கிறாய், பிறகு பெஞ்சுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாய். அந்தப் பார்வையைத்தான் அவர்கள் பிடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பந்தடி பார்த்து வளர்ந்தவள் நான், அங்கேயும் அப்படித்தான். நடுவர் சனத்தின் முகத்தைப் பார்த்த நிமிடம் கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். விசிலடித்தால் அந்த இடத்துக்கு ஓடு, கையைக் காட்டு, அடுத்த வேலையைப் பார்.

எல்லாக் கத்தலையும் தள்ளிவிடு என்றும் நான் சொல்லவில்லை. தோற்ற பக்கம் கத்துவதற்குப் பெறுமதி குறைவு. ஆட்டம் முடிந்து கழகங்கள் நடுவருக்கு நூறுக்குப் போடுகிற மார்க்கிலும் அது தெரியும். ஆனால் என் ஜன்னலடியில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே குறையைச் சொன்னால் நான் காது கொடுப்பேன். "முதல் பாதியில் விட்டதை இரண்டாம் பாதியில் பிடிக்கிறான்" என்று இரு தரப்பும் சொன்னால், அதில் ஏதோ இருக்கிறது. உன்னைப் பற்றி அங்கே யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. சொன்னதெல்லாம் சிவப்பு, மஞ்சள்தான்.

அறிக்கையை இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. அடுத்த ஆட்டத்துக்கு முடிந்தால் இன்னொரு நடுவரோடு ஒரே காரில் போ, பெற்றோல் காசும் மிச்சம். அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். கோல் கீப்பர் பந்தை எட்டு செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் இப்போது எதிர் அணிக்குக் கோர்னராமே, நீ இன்னும் ஒருவருக்காவது கொடுத்தாயா? கொடுத்திருந்தால் எந்தக் கழகத்துக்கு, என்ன சத்தம் வந்தது என்று விவரமாக எழுதட்டாம். இங்கே சனிக்கிழமை கதைக்க அவருக்கு ஒன்று வேண்டுமாம்.

அன்புடன்
அம்மா