மூக்கை அளந்தது எந்திரம், ஜோடி போட்டது மனுஷன்

ஆசிரியருக்கு வணக்கம்.

விலங்குகளின் மரபணுவுக்கும் உடல் வடிவத்துக்கும் உள்ள தொடர்பைச் செயற்கை நுண்ணறிவை வைத்துத் தேடும் முனைவர் பட்ட ஆய்வு பற்றி நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுதுகிறார்களே, அதுவே சந்தோஷம். ஆனால் படித்து முடித்ததும், ஒரு ஆட்டையோ புறாவையோ போட்டோ எடுத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதற்குள் இருக்கிற ஜீனைச் சொல்லிவிடும் என்ற எண்ணம்தான் மனதில் நிற்கிறது. அப்படி இல்லைங்க.

எந்திரம் செய்கிற பெரிய வேலை அளவெடுப்பதுதான். எடை, உயரம் என்றால் தராசும் டேப்பும் போதும், ஆனால் ஒரு புறாவின் மூக்கு எவ்வளவு வளைந்திருக்கிறது, மண்டை எங்கே சரிகிறது என்பதை எப்படி எண்ணில் எழுதுவது? இதுவரை ஆராய்ச்சி மாணவர்கள் ஸ்கேன் படத்தின் மேல் மூக்கு நுனி, கண்குழியின் ஓரம் என்று ஒவ்வொரு இடத்திலும் கையால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றிலும் அத்தனை புள்ளிகள், அதிலும் ஒருவர் வைத்த இடத்தில் இன்னொருவர் வைக்கமாட்டார். கையால் குறித்த கொஞ்சம் படங்களைக் காட்டிப் பழக்கினால் மீதியில் நிரலே புள்ளி வைத்துவிடுகிறது, சில முறைகளில் புள்ளியே இல்லாமல் முழு வடிவத்தையும் சில எண்களாகச் சுருக்கிவிடுகிறது. மாதக்கணக்கான வேலை மிச்சம். இதை நான் மனசாரப் பாராட்டுவேன்.

அப்புறம்தான் சிக்கல். அந்த எண்களை ஜீனோடு சேர்ப்பது வேறு வேலை. மூக்கு குட்டையான புறா இனங்கள் பல ஒன்றுக்கொன்று சொந்தம், அதனால் மூக்குக்குச் சம்பந்தமே இல்லாத நூறு விஷயங்களும் அவற்றின் மரபணுவில் ஒரே மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டினால் அது தப்பான ஜீனைக்கூட அடித்துச் சொல்லும். படத்திலும் இதே கதைதான். 2016இல் ஒரு ஆய்வுக் குழு, வேண்டுமென்றே ஓநாய்ப் படங்களில் பனியும் ஹஸ்கி நாய்ப் படங்களில் பனி இல்லாமலும் பார்த்து எடுத்து ஒரு நிரலைப் பழக்கியது. அது மிருகத்தை விட்டுவிட்டு, பின்னால் பனி இருக்கிறதா என்று பார்த்தே ஓநாய் என்றது. ஒரே பண்ணையில், ஒரே சுவருக்கு முன்னால் எடுத்த படங்களை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதற்கு வழி, ஜோடி போட்டுப் பார்ப்பது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார்கள். எங்கள் பக்கத்துப் பசங்களுக்கெல்லாம் தெரிந்த பந்தயப் புறாவான ரேசிங் ஹோமரையும், குட்டை மூக்கு கொண்ட ஓல்ட் ஜெர்மன் அவுல் என்ற இனத்தையும் சேர்த்து, நூற்றுக்கு மேற்பட்ட பேரக் குஞ்சுகளை எடுத்து, மண்டையை ஸ்கேன் செய்து அளந்து, ஜீனையும் படித்தார்கள். பேரக் குஞ்சுகளில் இரண்டு பக்கத்துக் குணமும் கலைந்து விழுவதால், மூக்கோடு கூடவே வருகிற ஜீன் எது, சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது எது என்று பிரிக்க முடியும். ரோர்2 (ROR2) என்ற ஜீன் சிக்கியது, 2021இல் வெளியிட்டார்கள். மனிதர்களிலும் இதே ஜீன் கெட்டால் முகமும் எலும்பும் மாறி வளரும் ஒரு நோய் வருகிறது.

அந்த ஜீன், குஞ்சு சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கிற பால் குரோமோசோமில் இருக்கிறது. இப்படிச் சேவலுக்கும் பெட்டைக்கும் வேறு வேறு மாதிரி வருகிற குணம் புறாக்காரருக்குப் புதுசே கிடையாது. நீலச் சேவலுக்குச் செந்நிறப் பெட்டையை ஜோடி போட்டால் குஞ்சில் சேவல் எல்லாம் சிவப்பு, பெட்டை எல்லாம் நீலம் என்று ஜீன் என்ற வார்த்தையே கேள்விப்படாதவர்கள்கூட மொட்டை மாடியில் நின்று சொல்லிவிடுவார்கள். (புறாவின் கண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்தே அது பந்தயம் அடிக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் நம்புவதில்லை.)

நான் சொல்ல வந்தது இதுதான். அளக்க எந்திரம் வந்துவிட்டது, இனி தட்டுப்பாடு நம்பகமான வம்சக் கணக்குக்குத்தான். அது வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் பந்தயப் புறா வளர்ப்பவர்களின் நோட்டுப் புத்தகங்களில் கிடக்கிறது. குஞ்சு பொரித்து ஒரு வாரம் போல ஆனதும் காலில் வருடமும் எண்ணும் போட்ட வளையத்தை மாட்டிவிடுவார்கள், விட்டுவிட்டால் கால் பெருத்து வளையம் நுழையாது. அப்பன் யார், அம்மா யார், எவ்வளவு தூரத்தில் விட்டு எத்தனை மணிக்குக் கூடு சேர்ந்தது எல்லாம் எழுதியிருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் இருந்து இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகமோ மாதவரத்தில். எங்களுக்கு எல்லாம் ஒரு பஸ் தூரம். புறாவின் சிவப்பணுவிலேயே டிஎன்ஏ இருப்பதால் ஒரு சொட்டு ரத்தம் போதும், பறவைக்கும் கஷ்டமில்லை. இறக்கையை விரித்துப் படம் எடுத்து, வடிவத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தாராளமாகப் போதுமான வேலை. நம்ம மெட்ராஸ் ரெட் செம்மறிக்கும் செய்யலாம், ஆனால் அங்கே இப்படிக் கிடா கணக்கு எழுதி வைத்திருக்கும் மந்தை கிடைப்பது கஷ்டம்.

வருகிற மாணவர்களுக்கு ஒன்று. நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு காணாமல் போகக் கூடாது. என்ன கிடைத்தது என்று திரும்ப வந்து தமிழில் சொல்ல வேண்டும், கட்டுரையில் வளர்த்தவர் பெயரையும் போட வேண்டும். பந்தயக் காலத்தில் மட்டும் வராதீர்கள், அப்போது சொந்தப் பிள்ளையாகவே இருந்தாலும் பறவையைக் கையில் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
புறா வளர்க்கும் ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.