குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் தகவல் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தகவல் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். புது லேப்டாப் கொடுத்ததற்கு முதலில் நன்றி. வேகமாக இருக்கிறது, ஃபேன் சத்தமும் இல்லை. பழையதை வாங்க வந்த உங்கள் ஆள், "கோடு எல்லாம் சர்வர்ல இருக்கு, வேற என்ன வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வெப் டெவலப்பர்களான எங்களுக்கு வேண்டியிருந்தது சர்வரில் இல்லாத, வேலைக் குறிப்புகளை எழுதி வைத்திருந்த ஒரு ஃபோல்டர். அதைக் காப்பி எடுக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். அதே வாரம் குறிப்பு எழுதும் செயலிகள் ஒன்று விடாமல் பிளாக் ஆயின. சுற்றறிக்கை உங்களுடையது, அதை உங்களுக்கே படித்துக் காட்ட வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பழைய லேப்டாப்களில் கிடக்கும் எங்கள் குறிப்புகளை எடுத்துக்கொள்ள விடுங்கள். இனி எழுதுவதை வைக்க ஆபீஸுக்குள்ளேயே ஓர் இடம் கொடுங்கள்.

சுற்றறிக்கையில் "தனிப்பட்ட கோப்புகள்" என்ற தலைப்பின் கீழ் கல்யாணப் போட்டோ, சினிமாப் பாட்டு, குறிப்புகள் மூன்றும் ஒரே வரியில் வந்திருந்தன. அந்தக் குறிப்புகளில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சாம்பிளுக்குச் சில. கோப்பு ஏற்றும்போது 413 பிழை (அனுப்பியது அளவில் பெரிது) வந்தால் நம் கோட்டில் தேடாதே, வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் அமைப்பைப் பார், வேறெதுவும் சொல்லாவிட்டால் அது 1 எம்பிக்கு மேல் விடாது. குக்கியோடு வரும் கோரிக்கைக்கு கோர்ஸ் அனுமதியில் (வேறு தளத்திலிருந்து வருவதை ஏற்கும் அனுமதி) நட்சத்திரக் குறி போட்டால் பிரவுசர் ஏற்காது, டொமைன் பெயரை முழுசாக எழுது. பெயர்ப் பெட்டியில் "எழுத்து மட்டும்" என்று ரெஜெக்ஸ் (உள்ளீட்டைச் சரிபார்க்கும் விதி) போட்டால் தமிழ்ப் பெயர்கள் அடிபடும். யூனிகோடில் புள்ளியும் கொம்பும் எழுத்து வகையில் சேராது, மார்க் வகையையும் சேர்த்துக்கொள். இந்தக் கடைசிக் குறிப்பை எழுதியது போன வருடம் சேர்ந்த ஒரு தங்கச்சி. பாதி தமிழிலும் பாதி கோடிலுமாக எழுதுவாள். அவளுக்கு அடுத்து வந்தவர்கள் அதைப் படித்துத்தான் பழகினார்கள்.

சரி, குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? போன மாதம் என்ன ஆனது என்று உங்களுக்கும் மெயில் வந்திருக்கும். வந்த மெயிலில் "தேதிப் பிழை, சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரிதான் இருந்திருக்கும்.

நம் வாடிக்கையாளரான ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதிவுப் பக்கத்தில் புது காலண்டர் வந்தது. 15-ஆம் தேதிக்குப் பதிவு செய்தவர்களுக்கு 14 என்று எஸ்.எம்.எஸ். போனது. நிலையத்தின் பதிவேட்டில் 15 என்று சரியாகவே இருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள். முந்தின ராத்திரி சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு, காலையில் காபிகூடக் குடிக்காமல் ஆட்டோ பிடித்து வந்து நிற்கிறார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண், "உங்க பேரு இன்னைக்கு இல்லையே, நாளைக்கு வாங்க" என்கிறார். அவர்கள் போனை நீட்டி எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டுகிறார்கள். அந்தப் பெண் யாரைத் திட்டுவார்? நம் சப்போர்ட் எண்ணுக்குத்தான் அடித்தார்.

காரணம் உலகம் அறிந்ததுதான். காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டால் பிரவுசர் அதை அந்த ஊர் நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொள்கிறது. அதை யு.டி.சி.க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றினால் நம் ஊர்க் கணக்கில் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய், முந்தைய நாள் மாலை 6.30 ஆகிவிடும். அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் 15 போய் 14. அமெரிக்காவில் இருக்கும் நம் டீமைக் கேட்டால் "எங்களுக்குச் சரியாகத்தானே வருகிறது" என்றார்கள். வரும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களின் நள்ளிரவு யு.டி.சி.யில் அதே தேதியின் காலையாகத்தான் விழும். டெஸ்ட் சர்வர் யு.டி.சி.யிலேயே ஓடுவதால் அங்கேயும் பிழை தலைகாட்டாது. நம் ஆட்களில் இந்தியாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும் பிழை இது.

இதே தகராறு வேறொரு புராஜெக்டில் முன்பே வந்து, எங்களில் ஒருவர் அதை அலசிக் குறிப்பில் எழுதியும் வைத்திருந்தார். "யு.டி.சி. வழியாகப் போகாதே. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து ஒட்டு. மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், 1 கூட்டு. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி ஒட்டுப்போடாதே, வெளிநாட்டில் திறப்பவர்களுக்குப் புதுப் பிரச்சினை வரும். தேதி மட்டும் உள்ள சரத்தை (எழுத்து வரிசையை) திரும்ப டேட் ஆக்காதே, அதை யு.டி.சி. என்று எடுத்துக்கொள்ளும், அமெரிக்காவில் ஒரு நாள் குறைத்துக் காட்டும்." எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் உடையும் என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. அது அன்று உங்கள் ஸ்டோர் ரூமில், பூட்டிய லேப்டாப்பில் இருந்தது. அதே தூரத்தை ஒரு காலை முழுக்கத் திரும்ப நடந்தோம். அந்த நேரத்தில் அடுத்த நாளுக்கான எஸ்.எம்.எஸ்.களும் தப்பாகவே போய்க்கொண்டிருந்தன.

இதைச் சொன்னபோது உங்கள் தரப்பில் வந்த பதில்: "எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே." சமையல்காரரின் அஞ்சறைப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்கு வழி சொல்வது போல இருந்தது. வெப் டெவலப்பர்களுக்காக நெட்டில் இருக்கும் எம்.டி.என். ஆவணங்களை நாங்கள் தினமும் திறக்கிறோம். அவற்றைப் பராமரித்த மொஸில்லா 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரிதான் பேசிக்கொண்டோம். அவ்வளவு நன்றி அதன் மேல் உண்டு. ஆனால் தேதியை மாற்றும் சார்பு (ஃபங்ஷன்) எப்படி இயங்கும் என்றுதான் எம்.டி.என். சொல்லும். நம் எஸ்.எம்.எஸ். சேவைக்குப் போகும் தேதி எந்தக் கோப்பில் வெட்டப்படுகிறது என்று எம்.டி.என்.னுக்கு எப்படித் தெரியும்? ஏ.ஐ.யைக் கேட்கலாம் என்றால் அதையும் பிளாக் செய்துவிட்டீர்கள். அது வேறு மடல்.

உங்கள் பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஏதாவது கசிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவு வந்துவிட்டது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். யாரோ ஒருவர் குறிப்போடு குறிப்பாக டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் எழுதி வெளிச் செயலியில் வைத்தால் கழுத்து போவது உங்களுக்குத்தான். அதனால்தான் வெளிச் செயலிகளைத் திறந்துவிடும்படி நாங்கள் கேட்கவே இல்லை. நம் கோடு இருக்கும் கிட் சர்வரிலேயே ஒரு ரெப்போ (கோப்புக் களஞ்சியம்) போதும். வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். கிட்லீக்ஸ் மாதிரி ஒரு கருவியை அதன் வாசலில் நிறுத்துங்கள், பாஸ்வேர்டு, டோக்கன் போலத் தெரிகிற எதையும் அது உள்ளே விடாமல் மறிக்கும். வாரா வாரம் நீங்களே திறந்து படியுங்கள், சந்தோஷம். ஒருவராவது படிக்கிறாரே.

கம்பெனி விக்கி இருக்கிறதே என்பீர்கள். அதில் ஒரு பக்கம் சேர்க்க டெம்ப்ளேட், உரிமையாளர், இரண்டு பேர் ஒப்புதல். 413-க்கு ஒற்றை வரி எழுத ஒப்புதல் கேட்டு யார் டிக்கெட் போடுவார்கள்?

பாதுகாப்பு என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். 45 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வைக்கிறீர்கள். காரணமில்லாமல் இப்படிக் கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017-லேயே தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. நம் தளத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள், மானிட்டர் ஓரங்களில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். குறிப்பேட்டைப் பிடுங்கிய இடத்தில் கடைசியில் எழுதப்படுவது பாஸ்வேர்டு மட்டும்தான். அப்புறம் இந்த கே.டி. கூத்து, அதாவது வேலையை விட்டுப் போகிறவர் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒருவர் ராஜினாமா கொடுத்த அன்றே "கே.டி. ஆரம்பிச்சாச்சா?" என்று எல்லா மட்டத்திலிருந்தும் போன் வரும். நோட்டீஸ் காலம் முழுக்க அவரை உட்கார வைத்து, தலையில் இருப்பதை எல்லாம் வீடியோ எடுப்பார்கள். அவர் வேலையில் இருந்தபோது தானாகவே எழுதி வைத்தது மட்டும் "தனிப்பட்ட கோப்பு". ஆண்டு விழாவில் அறிவுப் பகிர்வுக்கு விருது வேறு கொடுக்கிறோம். இந்த ஆண்டு அதை ஸ்டோர் ரூமுக்குக் கொடுக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்களை அழிக்க வெளி நிறுவனம் இந்த வெள்ளிக்கிழமை வருவதாகக் கேள்விப்பட்டோம். அதற்கு முன் உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எடுக்க அனுமதி தாருங்கள். எடுப்பதை முதலில் நீங்களே ஸ்கேன் செய்துவிட்டு எங்களிடம் கொடுத்தாலும் சம்மதம். ரெப்போ அமைக்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்களிடமிருந்து தேவைப்படுவது ஒப்புதல்தான். குறிப்புகளை எடுக்க விடுங்கள், வைக்க இடம் கொடுங்கள். வியாழக்கிழமைக்குள் ஒரு வரி பதில் வந்தால் ஸ்டோர் ரூமுக்கு யார் யார் வருவது என்று பட்டியல் அனுப்பிவிடுவோம்.

பணிவுடன்,
இரண்டாம் தளத்து வெப் டெவலப்பர்கள்