கரு கலைந்தாலும் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "குழந்தையே இல்லை, அப்புறம் எதற்கு மகப்பேறு விடுப்பு?" கரு கலைந்து வீட்டில் படுத்திருக்கும் பெண்ணிடம் கம்பெனி அலுவலகத்திலிருந்து இப்படிக் கேட்கிறார்கள். அவரும் பத்து நாள் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ரத்தப்போக்கு நிற்கும் முன்பே தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குச் சட்டம் கொடுத்திருப்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

1961 மகப்பேறு பயன் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கருச்சிதைவுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே தருகிறது. கரு தானாகக் கலைந்தாலும், மருத்துவர் சட்டப்படி கலைத்தாலும் இது பொருந்தும். ஏற்கெனவே எத்தனை குழந்தைகள் என்ற கேள்வி இதில் வராது. அந்த ஆறு வாரமும் அவரை வேலைக்கு வைக்கவே கூடாது என்கிறது சட்டம். உடல் தேறவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மேலும் ஒரு மாதம் வரை சம்பள விடுப்பு கேட்கலாம்.

ஆறு வாரம் என்றால் 42 நாள் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 36 நாளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட வேண்டாம். மகப்பேறு பயனைக் கணக்கிடும்போது வாரம் என்பது ஏழு நாள்தான், ஞாயிறும் சேரும் என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன, தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கு அது. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் தினசரி சராசரியை எடுத்து 42ஆல் பெருக்க வேண்டும். சராசரி 500 ரூபாய் என்றால் 21,000 ரூபாய்.

இனி, எல்லாச் சிக்கலும் தொடங்கும் இடத்துக்கு வருகிறேன். அது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. 26ஆவது வாரம் முடிவதற்குள் கரு வெளியேறினால் சட்டத்தின் பார்வையில் அது கருச்சிதைவு. அதைத் தாண்டிக் குழந்தை இறந்து பிறந்தால் அது பிரசவம். 'குழந்தை' என்ற சொல்லில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று 1961 சட்டமே விளக்கம் தந்திருந்தது. அப்படியானால் கிடைக்க வேண்டியது முழு மகப்பேறு விடுப்பு. உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 26 வாரம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 12 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆக, சில நாள் வித்தியாசத்தில் 20 வாரச் சம்பளம் கைக்கு வரலாம், போகலாம். அந்தச் சீட்டில் "ஆறு மாத கர்ப்பம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் எந்த அலுவலகமும் குறைந்த பலனையே தரும்.

கடைசி மாதவிலக்கு தேதி, கர்ப்ப காலம் இத்தனை வாரம் இத்தனை நாள், கரு வெளியேறிய தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று தெரிவது ஒரு நாள், மாத்திரை கொடுத்து வெளியேறுவது இன்னொரு நாள், டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) வேறொரு நாள் என்று இழுக்கும்போது தேதிகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சட்டம் பார்ப்பது கரு வெளியேறிய நாளை. ஸ்கேன் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினால் விடுப்பில் ஒரு வாரம்கூடக் குறைந்துவிடலாம். வயிற்றுக்குள் குழந்தை இறந்ததை "ஐ.யு.டி." என்று சுருக்கி எழுதும் வழக்கமும் இருக்கிறது. அதே மூன்று எழுத்து காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனத்தையும் குறிக்கும். மருத்துவம் படிக்காத எழுத்தர் எப்படிப் புரிந்துகொள்வார்? முழுச் சொல்லாக எழுதி வாங்குவதே நல்லது.

கருக்கலைப்பு செய்துகொண்டவர் சான்று கேட்கவே கூச்சப்படுகிறார். அதில் காரணத்தை விவரிக்கத் தேவையில்லை. நிர்வாகத்திலிருந்து யாராவது போன் செய்து விசாரித்தால் மருத்துவர் அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் அதற்குத் தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவருக்குப் பணம் தருவது கம்பெனி அல்ல, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். இங்கும் கருச்சிதைவுக்கு ஆறு வாரம்தான். முந்தைய இரண்டு ஆறு மாதச் சந்தா காலங்களில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்த்திருந்தால் அந்தச் சீட்டை முதலில் இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டு கிளைக்குப் போனால் அலைச்சல் குறையும். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இ.எஸ்.ஐ. கணக்கில் குழந்தை உயிரோடு பிறந்துவிட்டால் எத்தனையாவது வாரமானாலும் அது பிரசவம். 25 வாரத்தில் பிறந்து ஒரு மணி நேரமே மூச்சு விட்டிருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதியுங்கள். இறந்து பிறந்ததாகப் பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மத்திய அரசு ஊழியருக்கு விதி வேறு. கருச்சிதைவுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 45 நாள். குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலோ 2022 செப்டம்பர் ஆணைப்படி 60 நாள் சிறப்பு விடுப்பு. அங்கே இறந்து பிறப்பதற்கான கணக்கு 28 வாரத்திலிருந்து தொடங்குகிறது.

கூலி வேலை செய்பவர்கள் நல வாரிய அட்டையை எடுத்துப் பாருங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களின் உதவிப் பட்டியலில் கருச்சிதைவுக்கு 3,000 ரூபாய் தனியாக உண்டு. பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குத் தவணையாகப் பணம் தரும் மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் தவணை வாங்கிய பிறகு கரு கலைந்தால் "உங்கள் கோட்டா முடிந்துவிட்டது" என்று சிலர் சொல்வதுண்டு. அடுத்த கர்ப்பத்தில் அவரைப் புதிய பயனாளியாகவே கருத வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆனால் பழைய கர்ப்பம் என்ன ஆனது என்பது பிக்மி பதிவில் (கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் இணையப் பதிவு) ஏறாமல் இருந்தால் அடுத்ததைப் பதியும்போது தகராறு வரும். மனது ஆறியதும், டிஸ்சார்ஜ் சம்மரி நகலை கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணே போக வேண்டும் என்றில்லை, வீட்டில் யாராவது போகலாம்.

விண்ணப்பத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் தரலாம். இந்த விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி செல்லாது.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பிரசவ வார்டில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் படிவத்தில் கர்ப்ப வாரம், நாள், கரு வெளியேறிய தேதி, உயிரோடு பிறந்ததா இல்லையா என்று நான்கு கட்டங்களை அச்சிட்டு, நிரப்பாமல் சீட்டைக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். அந்த நிலையில் படுத்திருப்பவர் இதையெல்லாம் நினைவு வைத்துக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்படிக்கு,
தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தரும் ஒரு வாசகர்